கூழுக்கு வைத்த குழாய்

1991 ஆடியில், வடக்குப்பட்டு மாரியம்மன் கோயில் வாசலில் எங்கள் வீட்டுக் கூழ். காரணம் நான்தான். பாலிடெக்னிக்கில் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ், அதாவது திரவங்கள் ஓடுகிற கணக்கு, அந்தப் பேப்பரில் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தேன். மூன்றாம் முறை பாஸானால் ஊருக்கே கூழ் ஊற்றுவதாகவும், வரிசையில் வந்த ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை என்றும் அம்மா வேண்டிக்கொண்டாள். பாஸாகிவிட்டேன்.

பாஸானதும் என் வாய் சும்மா இருக்குமா? மணிக்கணக்காக அகப்பையால் மொண்டு ஊற்றுவதெல்லாம் பழங்காலத்து வேலை என்று அறிவித்தேன். ஒரகடத்து வெல்டிங் கடையில் எங்கள் அலுமினிய அண்டாவின் அடியில் ஓட்டை போட்டு, குழாய் பொருத்திக் கொண்டுவந்தேன். அண்டாவில் திரவம் எவ்வளவு உயரம் நிற்கிறதோ, அதை வைத்துக் குழாயில் வரும் வேகத்தைச் சொல்லிவிடலாம். சமன்பாடு ஒரே வரி. சொம்புக்கு மூன்று விநாடி. முதல் நாள் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம், கணக்குப்படியே கொட்டியது. அம்மா அரைமனதாக ஒப்புக்கொண்டாள்.

மறுநாள் வரிசை ஏரிக்கரை வரை நின்றது. குழாயைத் திறந்தேன். கூழ் எட்டிப் பார்த்தது. யோசித்தது. ஒரு சொட்டு விட்டது. பிறகு ஒரு சின்ன வெங்காயம் வந்து வாயை அடைத்துக்கொண்டது. குச்சியால் குத்தினேன், பொளக்கென்று என் தாவணியில் கொட்டிவிட்டு மறுபடி நின்றது. தூக்குச் சட்டியோடு நின்ற இரண்டு பேர் முணுமுணுத்தபடி வீட்டுக்குத் திரும்பினார்கள். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. வேண்டுதல் என்ன ஆவது?

அந்தச் சமன்பாட்டுக்குச் சில அனுமானங்கள் உண்டு. திரவத்துக்குப் பிசுபிசுப்பு துளியும் கிடையாது, ஓட்டம் சீரானது, அடர்த்தி மாறாது. மூன்றாம் முறை பரீட்சையில் இதையெல்லாம் ஒப்பித்து அந்த ஒரு கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவள் நான். கூழ் கிண்டியே வளர்ந்தவளுக்கு அந்த முதல் அனுமானம் உறைக்கவில்லை பாருங்கள், அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அம்மா அண்டாவுக்குள் அகப்பையை விட்டாள். நான் திரும்பிப் போனவர்களின் பின்னால் ஓடி, கெஞ்சிக் கூட்டி வந்தேன். உச்சி வெயிலில் கடைசிச் சொம்பும் நிறைந்தது. அப்புறம்தான் அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"அந்தக் கணக்குல கூழ இன்னான்னு நெனச்சே?"

"தண்ணின்னு" என்றேன்.

அம்மா சந்நிதியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இனிமே உன் பரீட்சைக்கி நான் வேண்டிக்க மாட்டேன்டி. ஆத்தாவுக்கு விஷயம் தெரிஞ்சிபோச்சி."