பரமலிங்கத்தாரின் மூக்கு

கோப்பாய்ப் பரமலிங்கத்தாருக்கு ஒருவரையும் நம்ப வராது. மீன் வாங்கும்போது செவுளைக் கிளப்பிப் பார்ப்பது எல்லோரும் செய்கிற வேலை. இவர் விற்கிறவரின் முகத்தையும் ஒருதரம் உற்றுப் பார்ப்பார். தன் தோட்டத்து வெங்காயம் எடுக்க வருகிற வியாபாரி சிரித்தால் ஏன் சிரிக்கிறான் என்று யோசிப்பார். சிரிக்காவிட்டால் அதற்கும் யோசிப்பார். இப்படிப்பட்ட மனிதருக்குக் கலியாணமாகிக் கனகாலத்துக்குப் பிறகு, ஏறாத கோயிலெல்லாம் ஏறிப் பிறந்தவள் நிவேதனா. அந்த ஒரே பிள்ளையை யாழ்ப்பாணப் பட்டினத்துப் பள்ளிக்கூடத்துக்கு இன்னொருவனுடைய வான் வண்டியில் ஏற்றி அனுப்புவதென்றால் மனுசனுக்கு எப்படி இருந்திருக்கும்!

வான்காரன் சிவரூபன் இருபாலைப் பக்கத்தவன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அவனுடைய கண்கள் எப்போதும் சிவந்திருக்கும். வாயில் வெற்றிலை. பரமலிங்கத்தாருக்கு இந்த இரண்டும் போதும்.

"உவன் குடிக்கிறான்," என்றார் மனைவி கனகாம்பிகையிடம். "கண்ணைப் பாத்தனீரோ?"

"விடியமுன்னம் எழும்பிச் சந்தைக்கு மரக்கறி ஏத்திப் போட்டெல்லே பிள்ளையளை ஏத்த வாறான். நித்திரை இல்லாட்டில் கண் சிவக்கும்தானே."

"பின்னை வெத்திலை எதுக்கு? மணத்தை மறைக்கத்தான்."

வெற்றிலை போடாமல் வந்திருந்தால், இன்றைக்குப் போட மறந்திட்டான் என்று சொல்லியிருப்பார்.

அன்றிலிருந்து வேவு தொடங்கியது. காலையில் வான் வந்ததும் மகளின் புத்தகப் பையைத் தானே தூக்கிக்கொண்டு போய், சிவரூபனின் பக்கத்து யன்னலுக்குள் தலையை நீட்டுவார். "உதென்ன தம்பி, முன் ரயர் தேய்ஞ்சு கிடக்கு?" கேட்பது ரயரைப் பற்றி, இழுப்பது அவனுடைய மூச்சை. வெற்றிலை மணந்தது, சுண்ணாம்பு மணந்தது, ஏதோ ஒரு பிள்ளை சீற்றில் கொட்டின சம்பல் மணந்தது. சாராயம் மட்டும் மணக்கவில்லை. அதனால் சந்தேகம் தீர்ந்ததா என்றால் இல்லை; ஆள் பலே கெட்டிக்காரன் என்று இன்னும் கூடியது.

மோட்டார் சைக்கிளில் வானுக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். சிவரூபன் ஒரு பள்ளத்துக்கு விலத்தினால், "ஆடுது பார்!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பின்னேரங்களில் சாராயம் விற்கிற தவறணைக்கு எதிரே நின்று வான் வருகிறதா என்று காவல் காத்தார். வான் வரவில்லை. தவறணை வாசலில் பரமலிங்கத்தாருக்கு என்ன வேலை என்று ஊர் கதைத்ததுதான் மிச்சம்.

இதற்குள் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டி முடிய, தன் வளவுப் பனையில் சீவி இறக்கின கள்ளில் ஒரு போத்தல் குடிப்பது பரமலிங்கத்தாருக்கு வழக்கம். வெயில் கூடினால் இன்னொன்று. ஆனால் அவரைக் கேட்டால் தான் குடிப்பதில்லை என்பார், கற்பூரம் அடித்துச் சத்தியமும் பண்ணுவார். அவருடைய கணக்கில் குடி என்றால் சாராயம், விஸ்கி, பியர். கள்ளு உடம்புச் சூட்டுக்கு மருந்து. இவர் மட்டுமா, எங்கள் பக்கத்தில் எத்தனை பேர் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே மோட்டார் சைக்கிளில் ஏறுகிறார்கள்! கேட்கக் கேட்கப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை பரமலிங்கத்தாருக்குப் பொறுமை போய்விட்டது. வானில் பிள்ளைகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, "தம்பி, இறங்கும். ஊதும் பாப்பம்," என்றார்.

சிவரூபனின் முகம் கறுத்தது. "அண்ணை, உவ்வளவு பிள்ளையளை வைச்சுக்கொண்டு நான் குடிச்சிட்டு வான் ஓடுவனோ?"

"குடிக்காட்டில் ஊதுறதுக்கு என்ன?"

அவன் இறங்கி ஊதினான். வெற்றிலை மணம்தான். உள்ளே நிவேதனா தலையைக் குனிந்துகொண்டாள்.

"திங்கட்கிழமையிலை இருந்து பிள்ளை வானிலை வரமாட்டாள். நானே ஏத்தி இறக்குறன்."

அன்றிரவு கனகாம்பிகை மெல்லத் தொடங்கினாள். "இஞ்சாருங்கோ, காலமை சரி. மத்தியானம் நீங்கள் தோட்டத்தாலை வந்து..."

"தோட்டத்தாலை வந்து?"

அவர் பார்த்த பார்வையில் மிச்சத்தை அவள் விழுங்கிவிட்டாள். வாய் திறந்து சொல்லியிருக்கலாம், பாவம்.

முதற்கிழமை ஒரு குறையும் இல்லாமல் போனது. அடுத்த கிழமை ஒரு நாள் வெயில் மண்டையைப் பிளந்தது. இரண்டாவது போத்தலையும் முடித்துவிட்டுத்தான் பரமலிங்கத்தார் பள்ளிக்கூடத்துக்குப் போனார். நிவேதனா ஹெல்மெற்றைப் போட்டுக்கொண்டு பின்னால் ஏறினாள். "மெல்லமாப் போங்கோ அப்பா," என்றாள். அது ஒவ்வொரு நாளும் அவள் சொல்வதுதான்.

இருபாலைச் சந்திக்குக் கிட்டச் சைக்கிளில் போன ஒரு பெண் கையைக் காட்டித் திரும்பினாள். பரமலிங்கத்தார் அவளை வடிவாகக் கண்டார். காணாமல் இல்லை. ஆனால் கண்டதற்குப் பிறகு கால் பிரேக்குக்குப் போகச் சுணங்கிவிட்டது. கடைசி நேரத்தில் ஹான்டிலை வெட்டினார். மோட்டார் சைக்கிள் வீதியோரக் கல்லில் சறுக்கி இரண்டு பேரையும் எறிந்தது. சைக்கிள்காரி தப்பிவிட்டாள். நிவேதனாவின் இடது கை முழங்கைக்குக் கீழே வளைந்து கிடந்தது.

பின்னால் வந்த வான் நின்றது. சிவரூபன் ஓடி வந்து பிள்ளையைத் தூக்கி உள்ளே இருத்திவிட்டு, பரமலிங்கத்தாரை எழுப்பக் குனிந்தான். அந்த நிலையிலும் மனுசனின் மூக்கு அவனுடைய வாயை நோக்கிப் போனது. மணந்தது! புளித்த மணம், சந்தேகமே இல்லை. இத்தனை நாளும் தேடியது இன்றைக்கு அகப்பட்டுவிட்டது என்று ஒரு கணம் அவருக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது. சிவரூபன் மூச்சை அடக்கி முகத்தை மறுபக்கம் திருப்பினான். மணம் அப்படியே நின்றது. அது யாருடைய மூச்சு என்று அப்போதுதான் பரமலிங்கத்தாருக்கு விளங்கியது.

"ஏறுங்கோ அண்ணை," என்றான் சிவரூபன்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையின் கையைத் தடி வைத்துக் கட்டிக்கொண்டிருக்கும்போது பொலிஸ்காரர் வந்தார். "என்னண்டு விழுந்தனீங்கள்?"

பரமலிங்கத்தார் வாய் திறக்கமுன் நிவேதனா சொன்னாள். "நாய் ஒண்டு குறுக்கை பாஞ்சது சேர். அப்பா மெல்லமாத்தான் வந்தவர்."

எந்தப் பொய்யையும் கண்டுபிடித்துவிடுவேன் என்று இறுமாந்திருந்த மனுசன் மகளைப் பார்த்தார். கண் சிமிட்டாமல், தடக்காமல் சொன்னாள். இது முதல் பொய்யாக இருக்க முடியாது. தாய் கேட்கும்போதெல்லாம், அப்பா நல்லாத்தான் ஓடினவர் என்று இப்படித்தானே சொல்லியிருப்பாள்?

"நீர் பின்னாலை வந்தனீர்தானே. நாயைக் கண்டனீரோ?" என்று பொலிஸ்காரர் சிவரூபனைக் கேட்டார். சிவரூபன் பிள்ளையைப் பார்த்தான்.

"நாய் ஒண்டும் வரேல்லை சேர்," என்றார் பரமலிங்கத்தார். "நான் குடிச்சிட்டு ஓடினனான். ஊதுறதைக் கொண்டு வாங்கோ, ஊதுறன்."

கை முறிந்தபோதும் வானில் குலுங்கி வந்தபோதும் அழாத பிள்ளை அப்போதுதான் பெரிதாக அழத் தொடங்கினாள்.

"ஏனப்பா சொன்னனீங்கள்? உங்களைப் பிடிச்சுக்கொண்டு போகப் போகினம்!"