விமான கம்பெனிகள் சேர்ந்தன... என் பாயின்ட் எங்கே போனது?

போட்டித் தேதி தெரிந்த அன்று காலை, ஒரு கையில் காபி டம்ளர், இன்னொரு கையில் போன் என்று உட்கார்ந்து, நான் வழக்கமாகப் பறக்கும் விமான கம்பெனியின் ஆப்பைத் திறந்தேன்.

ஆப் திறந்தது. கம்பெனிதான் இல்லை.

'இதுவரை எங்களோடு பறந்ததற்கு நன்றி' என்று ஒரு அழகான ஸ்கிரீன். சூரியன் மறைகிறது, அதற்குள் ஒரு விமானம் போகிறது. 'நாங்கள் ஒரு பெரிய நிறுவனத்தோடு இணைந்துவிட்டோம், அங்கே சந்திப்போம்' என்று கீழே ஒரு பட்டன். அழுத்தினேன். புது ஆப் இறங்கியது. ஓ.டி.பி. வந்தது. உள்ளே போனேன்.

'வணக்கம், மிஸ்டர் முனுசாமி! உங்கள் பாயின்ட்கள்: பூஜ்யம்.'

முனுசாமி என் நைனா. காலமாகிப் பல வருஷம் ஆகிறது. திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தாலே ஊருக்கெல்லாம் சொல்கிற மனுஷன். அவருக்கு எதற்கு விமான கம்பெனி வணக்கம் வைக்கிறது? அவர் பெயரில் பூஜ்யம் என்றால்... என் பெயரில் இருந்ததெல்லாம் எங்கே?

காபி ஆறிவிட்டது. எனக்கு வியர்த்தது.

ஏன் இவ்வளவு பதற்றம்? கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

நான் விதை கம்பெனியில் வேலை பார்ப்பது உங்களில் பலருக்குத் தெரியும். வீடு செஞ்சியில். ஆபீஸ் மீட்டிங் ஹைதராபாத்தில். அதனால் அடிக்கடி விமானம். பறக்கப் பறக்க பாயின்ட் ஏறும். போதாதென்று அந்த கம்பெனியும் ஒரு பேங்க்கும் சேர்ந்து கொடுத்த கிரெடிட் கார்டு வேறு என்னிடம் இருக்கிறது. மளிகை வாங்கினாலும், பெட்ரோல் போட்டாலும் பாயின்ட். வருஷக்கணக்கில் தொடாமல் சேர்த்து வைத்திருந்தேன். எதற்கு என்று கேட்டால் பதில் கிடையாது. சேர்ப்பதே ஒரு சுகம், அவ்வளவுதான்!

இந்த வருஷம்தான் பதில் கிடைத்தது.

என் மனைவி மலர்விழி, வல்லம் பக்கத்தில் அரசுப் பள்ளியில் பி.இ.டி. டீச்சர். ஐம்பதைத் தாண்டியும் குண்டு எறிகிறவள். அவளோடு பள்ளி மைதானத்தில் தினமும் பயிற்சி செய்கிற சாந்தி, பக்கத்து ஊர் அங்கன்வாடி டீச்சர். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டக்காரி. இரண்டு பேரும் மாநில அளவில் ஜெயித்து, மூத்தோருக்கான தேசியத் தடகளப் போட்டிக்குத் தேர்வாகிவிட்டார்கள். போட்டி எங்கே? கவுகாத்தியில்!

ரயிலில் போனால் போக வரவே ஒரு வாரம் போய்விடும். அரையாண்டுப் பரீட்சை நேரம். மலருக்கு அவ்வளவு லீவு கிடைக்காது. சாந்திக்கு அதில் பாதிகூடக் கிடைக்காது. விமானம் ஒன்றுதான் வழி.

அப்போதுதான் நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு சொன்னேன் — "டிக்கெட்டை என்கிட்ட விடுங்க."

சாந்தி உடனே மறுத்தாள். "வேணாம் சார். உங்க காசுல நான் போவ மாட்டேன்."

"காசே இல்லம்மா. எல்லாம் பாயின்ட். சும்மா கெடக்குது. யாராவது பறந்தாதான் உண்டு."

மலர் பக்கம் திரும்பி, "நெஜமாவாக்கா?" என்று கேட்டாள். மலர் தலையாட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டாள்.

இப்போது புரிகிறதா என் வியர்வை? பாயின்ட் போனால், கடன் வாங்கியாவது நான் டிக்கெட் எடுத்துவிடலாம். ஆனால் சாந்தி ஏற மாட்டாள்.

மெயில் பெட்டியைக் குடைந்தேன். விமான கம்பெனியும் பேங்க்கும் மாதக்கணக்கில் மாறி மாறி மெயில் அனுப்பியிருக்கின்றன. எல்லாம் 'ப்ரமோஷன்ஸ்' என்ற பகுதியில், சட்டைத் தள்ளுபடிக்கும் மெத்தைத் தள்ளுபடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கிடந்தன. ஒவ்வொன்றாகப் படித்தேன். கார்டு இனிமேல் புது கம்பெனிக்குத்தான் பாயின்ட் சேர்க்கும். வருஷத்துக்கு ஒருமுறை வரும் இலவச டிக்கெட் கூப்பன் இனி கிடையாது. ஏர்போர்ட்டில் இலவசமாகச் சாப்பிட்டு உட்காரும் லவுஞ்ச் சலுகையில் பாதி வெட்டு. பழைய பாயின்ட் எல்லாம் புதுக் கணக்குக்கு வந்துவிடும். ஆனால் இரண்டு கணக்கிலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும்!

கார்டு வாங்கும்போது நாம் எதைப் பார்க்கிறோம்? எவ்வளவு பாயின்ட், எத்தனை சலுகை... அவ்வளவுதான். அந்தச் சலுகை யாருடையது என்று யோசிப்பதே இல்லை. அது நம்முடையது இல்லை சார். இரண்டு கம்பெனிகள் பேசி வைத்துக்கொண்ட ஒரு ஏற்பாடு. அதில் ஒரு கம்பெனி வேறொன்றோடு போய்விட்டால், பேச்சு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அந்த மேஜையில் நமக்கு நாற்காலி கிடையாது.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். நிறைய இசை கேட்ட பிறகு ஒரு பெண் வந்தார். நல்லவேளை, தமிழ். கோயம்புத்தூர்ப் பக்கம் போலிருக்கிறது.

"பழைய அக்கவுன்ட்டுல ஃபர்ஸ்ட் நேம் 'எம்', லாஸ்ட் நேம் 'குணசேகரன்'ங்க சார். பேங்க்காரங்க பான் கார்டுப்படி புதுசா ஓப்பன் பண்ணதுல ஃபர்ஸ்ட் நேம் 'குணசேகரன்', லாஸ்ட் நேம் 'முனுசாமி'ங்க. அப்ப அவர் வேற, இவர் வேறங்களே?"

"ரெண்டும் நான்தாம்மா."

"சிஸ்டம் ரெண்டு பேரா எடுத்துக்குதுங்க சார். ஃபேமிலி மெம்பர் பாயின்ட்டை மாத்தித் தர முடியாதுங்க."

"ஃபேமிலி மெம்பர் இல்லம்மா... நானே!"

"எனக்குப் புரியுதுங்க சார். நானும் ஆர். பிரியாதான். சிஸ்டத்துக்குப் புரியோணுமேங்க."

பேங்க்குக்குப் போட்டேன். பாயின்ட் விமான கம்பெனி சமாச்சாரம் என்றார்கள். மறுபடி விமான கம்பெனிக்குப் போட்டேன். பெயரைக் கொடுத்தது பேங்க் என்றார்கள். இணைந்த கம்பெனிகள் எதில் இணைந்தனவோ தெரியாது, என்னை விரட்டுவதில் நல்ல ஒற்றுமை!

கடைசியில் பிரியாவே ஒரு வழி சொன்னார். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி அனுப்பினால் பரிசீலிப்பார்களாம். எப்போது முடியும் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

மலரிடம் சொன்னேன். தோசைக்கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாங்க சொல்றீங்க? ரேஷன் கடைய மாத்துனா கார்டு செல்லாமப் பூடுமா? இது மட்டும் இன்னா நியாயம்?"

அடுப்பை நான்தான் அணைத்தேன்.

"சாந்திகிட்ட இன்னான்னு சொல்றது? அவ பேக்கெல்லாம் வாங்கிட்டா."

அன்று சாயங்காலம் மைதானத்துக்குப் போனேன். சாந்தி ஓடி முடித்து, இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"சார், ஷூவுல ஆணி இருக்குதே... கைப்பையில வெச்சா ஏர்போர்ட்ல புடுங்கிப்பாங்களா?"

அதற்கு மேல் மறைக்க என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகத்தில் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியதை நான் பார்த்திருக்கக் கூடாது.

"வுடுங்க சார். டென்ஷன் ஆவாதீங்க. அக்கா போவட்டும். நான் அடுத்த வருசம் பாத்துக்கறேன். ஆனா காசு போட்டு டிக்கெட் எடுக்கறேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

சொல்லிவிட்டு மறுபடி ஓடப் போய்விட்டாள். பயிற்சி முடிந்துவிட்டது என்று மலர் கூப்பிட்டும் நிற்கவில்லை. இருட்டும்வரை சுற்றிச் சுற்றி ஓடினாள்.

வீட்டுக்கு வரும் வழியில் மலர் ஒரே வார்த்தைதான் பேசினாள். "அவ வரலன்னா நானும் போவல."

மறுநாள் காலை கோர்ட் பக்கம் போய் ஒரு வக்கீலைப் பார்த்தேன். நோட்டரி. நான் வெட்கத்தோடு விஷயத்தைச் சொல்ல, அவர் தலையை நிமிர்த்தாமலே டைப்பிஸ்ட்டிடம் டைப் அடிக்கச் சொன்னார்.

"வாரத்துக்கு நாலு பேரு வர்றாங்க சார். பாஸ்போர்ட்டுல ஒரு பேரு, பத்திரத்துல ஒரு பேரு. நம்மூரு ஆளுங்களுக்கு இனிஷியல எங்க வெக்கறதுன்னு எந்த கம்ப்யூட்டருக்கும் தெரியல."

'எம். குணசேகரன் என்பவரும் குணசேகரன் முனுசாமி என்பவரும் ஒருவரே. அந்த ஒருவர் நானே என்று உளமார உறுதி கூறுகிறேன்.' படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். என்னை நானே என்று சத்தியம் செய்ய வேண்டியிருக்கும் என்று யார் நினைத்தார்கள்?

ஸ்கேன் செய்து அனுப்பினேன். 'பெறப்பட்டது' என்று பதில் வந்தது. அப்புறம் சத்தமே இல்லை.

அடுத்து வந்த நாட்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. போனைப் பார்ப்பேன், வைப்பேன், எடுப்பேன். பாயின்ட்டுக்கு என்று கவுகாத்தி விமானத்தில் ஒதுக்கிய சீட்டுகள் குறைந்துகொண்டே வந்தன. வீட்டில் மலர் என்னிடம் சண்டை போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஒரு மத்தியானம். மண்டகப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு மல்லாட்டைக் கொல்லையில் நின்றிருந்தேன். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன், மல்லாட்டை என்றால் நிலக்கடலை. விவசாயி ஒரு செடியைப் பிடுங்கி, காய் பிடித்திருப்பதைக் காட்டிக்கொண்டிருந்தார். பையில் போன் அதிர்ந்தது. மெயில்.

'உங்கள் இரண்டு கணக்குகளும் இணைக்கப்பட்டன.'

ஆப்பைத் திறந்தேன். பாயின்ட் அத்தனையும் இருந்தது! ஒன்றுகூடக் குறையவில்லை.

"யோவ், வந்துடுச்சிய்யா!" என்று கத்திவிட்டேன்.

"ஆமா சார், நல்லா புடிச்சிருக்குது" என்றார் அவர், மல்லாட்டையைப் பார்த்துக்கொண்டே.

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். தப்பாக நினைக்காதீர்கள்... கண் கொஞ்சம் கலங்கியது. யாரோ நெஞ்சின் மேலிருந்து எழுந்து போன மாதிரி இருந்தது. வீடு வரை காத்திருக்கத் தைரியமில்லை. சீட் பார்த்தேன். இருந்தது! கொல்கத்தா வழியாகச் சுற்றிப் போகும் விமானம்தான். பரவாயில்லை. மலருக்குப் போட்டாயிற்று. அடுத்து சாந்தி.

லாஸ்ட் நேம் கேட்டது.

போன் செய்தேன். பின்னால் குழந்தைகள் சத்தம். "சாந்தி, ஆதார்ல உன் பேரு எப்படி இருக்குது?"

"சாந்தின்னுதான் சார் இருக்குது."

"முன்னாடி, பின்னாடி?"

"ஒண்ணும் கெடையாது சார். வெறும் சாந்தி." கொஞ்சம் நிறுத்தி, சின்னக் குரலில் கேட்டாள் — "ஏன் சார்... வந்துடுச்சா?"

"வந்துடுச்சிம்மா."

போனை வாயிலிருந்து தள்ளி வைத்தாள் போலிருக்கிறது. பிறகு, "பசங்களா, சத்தம் போடாதீங்க, டீச்சர் அழுவல" என்று யாரையோ சமாதானப்படுத்துவது கேட்டது.

அந்தக் காலிக் கட்டத்தில் என்ன போடுவது? மறுபடி பேருக்கே ஒரு வம்பா? பிரியாவின் கம்பெனிக்கே போன் போட்டேன். வேறொருவர் எடுத்தார். ஒற்றைப் பெயராக இருந்தால் அதையே இரண்டு கட்டத்திலும் போடச் சொன்னார். போட்டேன். டிக்கெட் வந்தது. பயணி பெயர்: சாந்தி சாந்தி.

மலருக்கு அனுப்பினேன். அவள் போனில் சிரித்த சிரிப்பில், அத்தனை நாள் போடாத சண்டையும் சேர்ந்து கரைந்துபோனது.

போனார்கள், வந்தார்கள். சென்னை லவுஞ்சில் என் கார்டின் துணைக் கார்டை மலர் நீட்டியிருக்கிறாள். புது விதிப்படி அது செல்லாதாம். "போங்கய்யா" என்று வெளியே உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன புளிசாதத்தைச் சாப்பிட்டிருக்கிறார்கள். ஆணி ஷூவைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டதால் அதை யாரும் பிடுங்கவில்லை. மலருக்கு நான்காவது இடம். நூலிழையில் மெடல் போனது என்று இன்னமும் புலம்புகிறாள். சாந்திக்கு வெண்கலம்! கடைசிச் சுற்றில் இரண்டு பேரைத் தாண்டினாளாம். மலர் நடித்தே காட்டினாள், சோபாவைச் சுற்றி.

வாசகர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். அந்த 'ப்ரமோஷன்ஸ்' பகுதியை மாதம் ஒருமுறையாவது எட்டிப் பாருங்கள். பான், ஆதார், கார்டு, விமானக் கணக்கு எல்லாவற்றிலும் உங்கள் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். பாயின்ட்டைப் பரணில் போட்டு வைக்காதீர்கள், யாரையாவது பறக்க வையுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சாந்தி வீட்டுக்கு வந்தாள். மெடலைக் காட்டிவிட்டு, கொஞ்சம் தயங்கி, "சார், நான் பறந்ததுக்கு எனக்கும் பாயின்ட் ஏறியிருக்குமா?" என்று கேட்டாள்.

இலவச டிக்கெட்டுக்கு ஏறாது. ஆனாலும் அடுத்த தடவைக்கு ஆகட்டும் என்று அவள் பெயரில் ஒரு கணக்கு திறந்து கொடுத்தேன். ஃபர்ஸ்ட் நேம் சாந்தி, லாஸ்ட் நேம் சாந்தி.

இனி எந்த கம்பெனி எதனோடு சேர்ந்து, பெயரை எப்படித் திருப்பிப் போட்டாலும்... அவளை ஒன்றும் செய்ய முடியாது!