பத்து விரல்

திருமங்கலம் ரோட்டில் கொரியாக்காரர்கள் நடத்தும் ஒயர் கம்பெனியில் எனக்கு வருகைப்பதிவு வேலை. உசிலம்பட்டியிலிருந்து ஒல்லியான ஒரு பெண் அங்கே வேலைக்கு வருகிறார். கம்பெனி பஸ் நிற்கும் முன்பே படியில் வந்து நிற்பார்.

வேலைக்குச் சேர்ந்த அன்று எல்லாரும் கைரேகை மிஷினில் ஒரு விரலைப் பதித்தார்கள். அவர் மட்டும், "பத்தையும் பதிஞ்சிருங்கண்ணே" என்றார். எரிச்சலோடு பதிந்தேன்.

ஒரு திங்கட்கிழமை அவருடைய வலது பெருவிரல் வெந்து தோலுரிந்திருந்தது.

"ரேகை அழிஞ்சா வேலைக்குப் போக முடியாதுல்லன்னு எம்புருசன் தோசைக்கல்லுல வச்சு அமுக்கிட்டான்ணே" என்றபடி இடது கை விரலை வைத்தார். மிஷின் ஏற்றுக்கொண்டது.

"அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகாதீங்கம்மா" என்றேன்.

"இன்னும் ஒம்பது இருக்குண்ணே" என்று உள்ளே போய்விட்டார்.

இதையெல்லாம் எதிர்பார்த்துத்தான் முதல் நாளே பத்தையும் பதியச் சொன்னாரா என்று கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.