சைரன் அக்காவின் நாற்பத்தொரு வீடுகள்

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவள் சைரன் அக்கா. எழுபது வயதுக்காரர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். நகராட்சிக் கட்டடத்தின் மாடியில் ஒரு பக்கம் பிறப்புப் பதிவு அறை, மறுபக்கம் இறப்புப் பதிவு அறை, நடுவில் அவளுடைய அறை. "உட்கார வச்ச இடம் சரியாத்தான் இருக்கு" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

ஊரை ஒட்டி ஓடும் ஆற்றின் கரையில் அணு மின் நிலையம். அங்கே ஏதாவது ஏடாகூடமாகிவிட்டால் யார் எந்தச் சாலையில் போவது, எந்தப் பள்ளிக்கு எந்தப் பேருந்து, நடக்க முடியாதவரை யார் தூக்குவது, எல்லாவற்றையும் எழுதி வைப்பதுதான் அவள் வேலை. பத்தொன்பது வருடமாக அதையே செய்தாள். அதற்கான பணத்தை மின் நிலையக் கம்பெனி வருடாவருடம் நகராட்சிக்குக் கொடுத்துவந்தது. அவள் சம்பளம், சைரன் கம்பங்கள், பேருந்து ஓட்டுநர்களுக்கான பயிற்சி எல்லாம் அதிலிருந்துதான்.

பகற்கனவு அவளுக்குத் தொழிலோடு ஒட்டிக்கொண்ட வியாதி. கடைத்தெருவில் நடந்துகொண்டே இருப்பாள், தெரு மெல்ல மெல்லக் காலியாகும். வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தவர் இல்லை, தராசு மட்டும் ஆடும். முடிவெட்டும் கடையில் நாற்காலி மட்டும் சுற்றும். பயம் ஒன்றும் இருக்காது. தண்ணீருக்கடியில் நடப்பதுபோல எல்லாம் சத்தமில்லாமல், நிதானமாக நடக்கும். ஜனங்கள் வரிசையாகப் பேருந்தில் ஏறுவார்கள். அவள் எண்ணிக்கொண்டே இருப்பாள். யாராவது "என்ன அக்கா, எங்க போறீங்க?" என்று கேட்டால் திடுக்கிட்டு, "இங்கதான், சும்மா" என்பாள். அதற்குள் தெருவில் எல்லோரும் திரும்பி வந்திருப்பார்கள்.

மின் நிலையத்துக்கு அருகே இருந்த தெருக்களைச் சுற்றி, சுவரில் மாட்டிய வரைபடத்தில் சிவப்பு வட்டம் ஒன்று போட்டிருந்தாள். அந்த வட்டத்துக்குள், சைரன் கேட்டுத் தானாகக் கிளம்ப முடியாதவர்கள் இருந்த வீடுகள் நாற்பத்தொன்று. படுத்த படுக்கையாக இருப்பவர்கள், மூச்சுக்கருவியோடு இருப்பவர்கள், கண் தெரியாதவர்கள், காது கேளாதவர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாற்பத்தொரு கதவையும் தட்டுவாள். எந்த வாசலில் ஸ்ட்ரெச்சர் நேராக நுழையும், எதில் சாய்த்து நுழைக்க வேண்டும் என்பது அவளுக்கு மனப்பாடம்.

அவள் கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். அவர் பெயரும் திட்டத்தில் இருந்தது. ஒன்பதாம் எண் பேருந்து, ஆற்றங்கரைப் பள்ளி. ஒருநாள் சாப்பிடும்போது அவள் கேட்டாள்.

"நெஜமாவே சைரன் அடிச்சா முதல்ல எங்க போவீங்க?"

அவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார். "உன்னைக் கூட்டிக்கிட்டு அப்புறம் பள்ளிக்கூடம்."

"அப்படின்னா உங்க பேரை அடிச்சுடறேன்."

"அடிச்சுக்கோ. வயித்துல புளியைக் கரைக்கிற கேள்வியை சாப்பிடறப்ப கேட்டா வேற என்ன பதில் வரும்?"

அவள் பெயரை அடிக்கவில்லை. ஆனால் ஒன்பதாம் எண்ணுக்கு எதிரே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தாள்.

அந்த வருடம் வெயில் தொடங்கும்போது மின் நிலையத்தை மூடினார்கள். கட்டி ஐம்பது வருடம் ஆகிவிட்டது, இனி ஓட்டினால் கட்டுப்படியாகாது என்றார்கள். குளிர்விக்கும் கோபுரத்தின் தலையில் எந்நேரமும் நின்ற வெள்ளை மேகம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் காணாமல்போனது. அந்த மேகத்தைப் பார்த்துத்தான் ஊரார் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சொல்வார்கள். சில நாட்கள் எல்லோரும் காரணம் தெரியாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தார்கள். வானம் பல் விழுந்த வாய்போல இருந்தது.

ஆறு மாதம் கழித்து கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. உலை அணைந்துவிட்டதால் அவசரத் திட்டத்துக்கான நிதி இந்த வருடத்தோடு நிறுத்தப்படுகிறது. மூன்றே வரி. கீழே மூன்று பேர் கையெழுத்து.

நகராட்சித் தலைவருக்கு அது பழம் நழுவிப் பாலில் விழுந்தது மாதிரி. அவளுடைய அறையை வரி வசூல் பிரிவுக்குக் கொடுக்க அவர் ரொம்ப நாளாகக் காத்திருந்தார். அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "புகை போச்சு, பகை போச்சு" என்றார்.

"அது புகை இல்லைங்க, நீராவி" என்றாள் அவள்.

"ஏதோ ஒண்ணு. அணைஞ்ச அடுப்புக்குக் காவல் எதுக்கும்மா?"

"அடுப்பைத்தான் அணைச்சிருக்காங்க. எடுத்துப்போட்ட கொள்ளி இன்னும் கனன்றுகிட்டு இருக்கு. எரிஞ்சு முடிஞ்ச எரிபொருள் கம்பியெல்லாம் அங்கேயே தொட்டித் தண்ணியில கிடக்கு. அது ஆற வருஷக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் தண்ணி சுத்திக்கிட்டே இருக்கணும்."

"எல்லாத்தையும் மன்றத்துல சொல்லு. அடுத்த கூட்டத்துல தீர்மானம் வைக்கிறேன். உனக்கு அஞ்சு நிமிஷம்." அவர் கெட்டவர் அல்ல. தேநீர் வரவழைத்துக் கொடுத்துத்தான் அனுப்பினார்.

கூட்டத்துக்கு ஒன்பது நாள் இருந்தபோதுதான் அது நடந்தது.

காலை பத்தரை மணி. முந்தின இரவு பெய்த மழையில் ஆற்றிலிருந்து எழுந்த மூடுபனி இன்னும் கலையவில்லை. அவள் மேசையில், மின் நிலையத்தோடு நேராக இணைத்த தொலைபேசி மணியடித்தது. பத்தொன்பது வருடத்தில் சோதனைக்குத் தவிர அது அடித்ததே இல்லை. மறுமுனையில் பேசியவர் எழுதிவைத்ததைப் படிப்பதுபோலச் சொன்னார். தொட்டித் தண்ணீரைச் சுற்றவைக்கும் பம்பு நின்றுவிட்டது. மாற்றுப் பம்பும் எடுக்கவில்லை. தண்ணீர் சூடேற நேரமாகும், கசிவு ஏதும் இல்லை, ஆனாலும் விதிப்படி வட்டத்துக்குள் இருப்பவர்களை நகர்த்தத் தொடங்கலாம்.

அவள் சைரன் பொத்தானை அழுத்தினாள். பட்டியலை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் ஏற்கனவே பலமுறை பார்த்ததுபோல இருந்தது அவளுக்கு. கனவில் வந்த அதே தெரு, அதே பனி. பேருந்துகள் விளக்கைப் போட்டுக்கொண்டு பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வந்தன. ஆனால் கனவில் சத்தம் இல்லை, இங்கே இருந்தது. ஒரு பெண் அடுப்பை அணைத்தோமா என்று வாசலில் நின்று கத்தினாள். ஒருவர் வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை உள்ளேயே வைத்துவிட்டார். இருவர் ஒரே ஸ்ட்ரெச்சரை ஆளுக்கொரு பக்கமாக இழுத்தார்கள். அவள் தெருமுனையில் நின்று வீடு வீடாகப் பட்டியலில் குறித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது ஒன்பதாம் எண் பேருந்து வந்தது. சன்னல் முழுக்கப் பிள்ளைகளின் முகம். ஓட்டுநர் இருக்கையில் அவள் கணவர். அவளைப் பார்த்தார். வண்டி நிற்கவில்லை, வேகம்கூடக் குறையவில்லை. ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு விரலை மட்டும் தூக்கினார். பேருந்து அவளைத் தாண்டிப் பனிக்குள் போய்விட்டது. அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. அதே சமயம், நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போய்விட்டாரே என்று அழுகையும் வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த வீட்டைக் குறித்தாள்.

ஒரு மணி நேரத்தில் நாற்பது வீடு முடிந்தது. ஒன்று மட்டும் குறைந்தது. காது கேளாத தையல்காரர். அவருக்காக இரண்டு வருடத்துக்கு முன்னால் கடையில் ஒரு சிவப்பு விளக்கு மாட்டிக் கொடுத்திருந்தாள். சைரன் அடித்தால் அது விட்டு விட்டு எரியும். பேருந்து ஏறும் இடத்துக்கு அவர் தானாக வந்திருக்க வேண்டும், வரவில்லை.

அவள் ஓடினாள். தெருவில் ஒரு ஆள் இல்லை. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. எங்கோ ஒரு குழாயிலிருந்து தண்ணீர் சொட்டியது. அந்த வெறிச்சோடிய தெருவின் நடுவில் ஒரே ஒரு கடை திறந்திருந்தது, உள்ளே மஞ்சள் வெளிச்சம். தையல்காரர் வாயில் இரண்டு குண்டூசியைக் கடித்துக்கொண்டு, ஒரு நீலச் சட்டைக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தார். தையல் இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. உலகத்தில் அந்தச் சட்டையும் அவரும் மட்டும்தான் இருப்பதுபோல இருந்தது. அவள் வாசலில் ஒரு கணம் நின்றுவிட்டாள். எப்படிக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை. அவ்வளவு நிம்மதியாக இருந்தார் மனுஷன்.

பிறகு உள்ளே போய் அவர் தோளைத் தொட்டாள். அவர் நிமிர்ந்து, வழக்கம்போல அளவெடுக்க வந்திருக்கிறாள் என்று நினைத்து நாடாவை எடுத்தார். அவள் மேலே விளக்கைக் காட்டினாள். பல்பு இருந்த இடம் காலியாக இருந்தது. அவர் அசடு வழியச் சிரித்து, தையல் இயந்திரத்தின் மேல் தொங்கிய விளக்கைக் காட்டினார். அந்த விளக்கின் பல்பு போய்விட்டதால் இதைக் கழற்றி அதில் மாட்டியிருந்தார். சிவப்பு மூடியை மட்டும் பத்திரமாக எடுத்துவைத்திருந்தார்.

அவள் வாசல் பக்கம் இழுத்ததும்தான் அவர் தெருவைப் பார்த்தார். முகம் மாறியது. ஓடிப்போய் நீலச் சட்டையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டார். அதன் சொந்தக்காரர் நாளைக்கு வருவாராம், விரலால் சொன்னார். கடைசிப் பேருந்தில் இருவரும் ஏறினார்கள். பக்கத்து ஊர் மண்டபம் போகும் வரை அவர் அவள் கையை விடவில்லை.

பிற்பகல் இரண்டரைக்குப் பம்பு ஓடத் தொடங்கியது. ஒன்றும் ஆகவில்லை. மாலைக்குள் எல்லோரும் வீடு திரும்பிவிட்டார்கள். பாதிப் பேர் அவளைக் கும்பிட்டார்கள். மீதிப் பேர் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். சோறு கெட்டது, வியாபாரம் கெட்டது, ஒண்ணுமில்லாததுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று.

வீட்டில் அவள் கணவரிடம் கேட்டாள். "ஏன் நிறுத்தலை?"

"நீ எழுதின திட்டத்துல அங்க நிறுத்தம் போடலையே" என்றார் அவர். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "கண்ணாடியில உன்னைப் பார்த்துக்கிட்டேதான் போனேன், பனி மறைக்கிற வரைக்கும்" என்றார்.

மன்றக் கூட்டத்தில் அவள் கொடுத்த ஐந்து நிமிடத்தையும் முழுசாக எடுத்துக்கொள்ளவில்லை. கதிர்வீச்சிலிருந்து கழுத்துச் சுரப்பியைக் காக்க வீடு வீடாகக் கொடுத்துவந்த அயோடின் மாத்திரைகளுக்கு இனிச் செலவு வேண்டாம், உலை அணைந்து இத்தனை மாதமான பிறகு அதற்கு வேலை இல்லை, அதை நானே எழுதித் தருகிறேன் என்றாள். வரைபடத்தில் சிவப்பு வட்டத்துக்கு வெளியே ஊரை வளைத்த பெரிய வட்டத்தைச் சின்னதாக்கலாம் என்றாள். "ஆனா அந்தத் தொட்டி காலியாகிற வரைக்கும் நாற்பத்தொரு கதவைத் தட்ட ஒரு ஆள் வேணும். அன்னைக்கு விளக்கு எரியலை. பட்டியல்ல ஒரு வீடு குறையுதுன்னு தெரிஞ்சதாலதான் போனேன். இதைச் செலவுன்னு சொன்னா செலவுதான். ஒண்ணும் நடக்காததுக்கு ரசீது காட்ட எனக்குத் தெரியலை." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அந்த மன்றத்தில் ஒரு உறுப்பினர் இருந்தார், இரும்புக்கடைக்காரர். எது வந்தாலும் 'வேண்டாம்' என்றுதான் கை தூக்குவார். பூங்கா வேண்டாம், நூலகம் வேண்டாம், தண்ணீர்த் தொட்டிக்கு வர்ணம் வேண்டாம். வேண்டாம் மெம்பர் என்றே அவருக்குப் பெயர். தலைவர் தீர்மானத்தைப் படித்தார். அவசரத் திட்டப் பிரிவை மூடிவிடலாமா? மூடலாம் என்று ஆறு பேர், கூடாது என்று ஆறு பேர். எல்லோரும் இரும்புக்கடைக்காரரைப் பார்த்தார்கள்.

"வேண்டாம்" என்றார் அவர்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "அண்ணே, வேண்டாம்னா, மூட வேண்டாம்னு அர்த்தம். புரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"நாற்பது வருஷமா வேண்டாம்னு சொல்றேன். அதுக்கு அர்த்தம் எனக்குத் தெரியாதா?"

சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆனது. படியிறங்கும்போது அவள் அவரிடம் போய் நன்றி சொன்னாள். அவர் காதில் போட்டுக்கொள்ளாதவர்போல நடந்தார். கடைசிப் படியில் நின்று, "நீலச் சட்டை என்னுதும்மா" என்று மட்டும் சொன்னார்.

கம்பெனி பணத்தை நிறுத்தியதை யாராலும் மாற்ற முடியவில்லை. வீட்டுக்கு வருடத்துக்கு இரண்டு தேநீர் விலை என்று வரியோடு சேர்த்து வசூலித்தார்கள். அதில் அவளுக்கு வாரத்துக்கு மூன்று நாள் வேலைதான் கிடைத்தது. அறையும் வரி வசூல் பிரிவுக்குப் போய்விட்டது. மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை கொடுத்தார்கள். வரைபடத்தைச் சுருட்டித்தான் வைக்க முடிந்தது. தையல்காரர் கடை விளக்குக்குப் புதிய பல்பும், கூடவே மாற்றுக்கு இரண்டும் வாங்கிக் கொடுத்தாள்.

வேலை இல்லாத நாட்களில் பிற்பகல் வேளையில் அவள் ஒன்பதாம் எண் பேருந்தில் ஏறி, ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் சன்னலோரம் உட்கார்ந்துகொள்வாள். எங்கேயும் போவதற்கில்லை, சும்மாதான். வெயில் மடியில் விழும். ஆற்றங்கரை, பள்ளி, கடைத்தெரு என்று ஊர் பின்னால் நகரும். வீடுகளை எண்ணத் தொடங்கி ஏழு எட்டு வருவதற்குள் தூங்கிவிடுவாள். அவர்கள் வீட்டு நிறுத்தம் வரும். கணவர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு, பிரேக்கை மெல்ல மிதித்து, அலுங்காமல் குலுங்காமல் வண்டியை எடுப்பார். யாராவது எழுப்பப் போனால், "விடுங்க, கடைசி நிறுத்தம் வரைக்கும் தூங்கட்டும்" என்பார்.