விளக்கேந்திய பாரிஸ்காரியின் மறுபக்கம்

காலை 6.40. திருநெல்வேலி சந்திப்பில் இறங்கியதும் காபிகூடக் குடிக்கவில்லை. கக்கத்தில் அட்டைக்குழாய், பையில் பூதக்கண்ணாடி. பழைய பிரெஞ்சுச் சுவரொட்டிகளைச் சேர்க்கும் பைத்தியம் பிடித்து எனக்கு இருபது ஆண்டாகிறது. மேலப்பாளையத்தில் ஒன்று இருக்கிறது என்று தெரிந்தபின் காபி எங்கே இறங்கும்?

ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். ஆற்றுப் பாலத்தில் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

"கொழாய்ல என்ன அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல. ஒரு படம் வாங்க சென்னைலேருந்து வந்திருக்கேன்."

"படம் வாங்கவா மெட்ராஸ்லேருந்து வாரீய? நல்ல கூத்துதான் போங்க!"

7.15. சாகுல் வீடு. துபாயிலிருந்து திரும்பி வந்து கைலிக் கடை வைத்திருப்பவர். போன மாதம் வெள்ளையடிக்க ஒரு கண்ணாடிச் சட்டத்தை இறக்கியபோது, பின்பலகை கழன்று ஒரு படம் தெரிந்திருக்கிறது. நான் இவற்றை வாங்குபவன் என்று கேள்விப்பட்டு எனக்குக் கைப்பேசியில் அனுப்பினார், தருவதாக வாக்கும் கொடுத்தார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

"எங்க பூட்டனாரு பிரெஞ்சுக்காரன் ஆண்ட சைகோன்ல துணி யாவாரம் பண்ணும்போது கொண்டாந்தது. உருவப் படத்தப் பாத்துத் தொழக் கூடாதுல்லா? அதான் செவத்தப் பாக்கத் திருப்பி மாட்டிட்டாவ," என்றார்.

பாய்மேல், சட்டத்துக்குள் மல்லாந்து கிடந்தாள் ஒரு பாரிஸ்காரி. கையில் மண்ணெண்ணெய் விளக்கு, மஞ்சள் கவுன், மூலையில் சுவரொட்டி வரி கட்டியதற்கான பிரெஞ்சு வில்லை. பூதக்கண்ணாடியை வைத்தேன். இந்தக் கால நகல்களில் வரும் சீரான அச்சுப்புள்ளிகள் இல்லை. அந்தக் காலக் கல்லச்சின் சொரசொரப்புதான் தெரிந்தது. அசல்! கல்லில் இடவலம் மாற்றி வரைந்து, வண்ணத்துக்கு ஒரு கல்லாக நான்கு முறை அழுத்தியிருக்கிறார்கள். பாரிசில் இவற்றைத் தெருச்சுவரில் ஒட்டிய பசை காயுமுன்னே உரித்துக்கொண்டு ஓடிய ரசிகர்கள் உண்டு. அவர்களுடைய வாரிசு நான். வெட்கத்தை விட்டுக் கைதட்டினேன்.

சாகுலின் அக்கா மைமூன் தேநீர் கொண்டுவந்தார். உற்சாகத்தில் அவரிடமும் அளந்தேன்.

"இனி கவலையே இல்லக்கா. பின்னாடி முழுக்கப் பசை தடவி லினன் துணி ஒட்டிருவேன். நூறு வருஷம் நிக்கும்."

"அது பின்னாடி இல்ல அண்ணாச்சி," என்று சட்டத்தைப் புரட்டினார்.

அரபு எழுத்தில், தமிழில், வரிவரியாகப் பெயர்கள். அந்த வீட்டில் பிறந்த ஒவ்வொரு பிள்ளையும், பிறந்த கிழமையோடு. மைமூன் பன்னிரண்டாவது வரி. அடியில் நாலு விரல் இடம் காலியாக இருந்தது.

"போட்டோ எடுத்து வச்சுக்கிடுவோம் லாத்தா," என்றார் சாகுல்.

"ஏலே, ஒம் மவளுக்கு இது ஒம்பதாம் மாசம். அந்தப் புள்ள பேர போட்டோவுலயா எழுதுவ?"

சாகுல் என்னைப் பார்த்தார். "வாக்குக் குடுத்துட்டேன் அண்ணாச்சி. நீங்க சொல்லுங்க."

எடுத்துக்கொள் என்று என் உடம்பு முழுக்கக் கத்தியது. வாங்கியிருந்தால் சாகுல் தடுத்திருக்க மாட்டார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"மாட்டிருங்க," என்றேன்.

மைமூன் சட்டத்தை மறுபடி என் பக்கம் திருப்பிவைத்தார். "மத்தியானம் லுகர் பாங்கு சொல்ற வரைக்கும் ஆசை தீரப் பாத்துக்கிடுங்க."

பார்த்தேன், அங்குலம் அங்குலமாக. பாங்கு கேட்டதும் பாரிஸ்காரி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் சென்னையில் என் வீட்டுக் கூடத்தில் நின்றேன். பதினொரு சுவரொட்டிகள். எல்லாவற்றுக்கும் லினன் ஒட்டியது நானேதான். ஒட்டுமுன் ஒன்றைக்கூட நான் திருப்பிப் பார்த்ததில்லை.