வெள்ளிக்கிழமை விரதம் பிடித்த விலாங்கு

வெள்ளவத்தையில் கடலுக்கு நூறடி தள்ளிக் குடியிருப்பவர்களுக்கும் வீட்டுக்குள் இன்னொரு கடல் வேண்டியிருப்பதால்தான் என் அடுப்பு எரிகிறது. வீடு வீடாகப் போய் உப்புத்தண்ணீர்த் தொட்டிகளைத் துப்புரவாக்கி, பவளத்தையும் மீனையும் உயிரோடு வைத்திருப்பது என் தொழில். காலையில் எழுந்து முகம் கழுவுமுன் தொட்டிக்குள் தலைகளை எண்ணிப் பார்க்கும் சக துன்பக்காரர்களே, விலாங்கு வைத்திருப்பவர்களின் பாடு உங்களுக்குத்தான் விளங்கும்.

ஒரே நிபந்தனை

வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற சிவநேசன் சேருக்கு ஒரு விலாங்கில் ஆசை வந்துவிட்டது. கொட்டாஞ்சேனையில் கடல்மீன் விற்கும் பெனடிக்ற் அண்ணனிடம் சொல்லிவைத்து, வெள்ளை உடம்பில் கறுப்புப் பூ விழுந்த, ஒரு முழம்கூட இல்லாத குட்டியொன்றை எடுத்துக் கொடுத்தேன். நல்ல சாது. வாய் மட்டும் எந்நேரமும் திறந்து மூடும். அது மூச்சு விடுகிறது, கோபமில்லை என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்ல வேண்டும்.

சேரின் மனைவி மனோ அக்கா எட்ட நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "இருக்கட்டும். ஆனா ஒருநாள் இது தொட்டியை விட்டு வெளியில வந்துதெண்டால், அண்டைக்கே வீட்டையும் விட்டுப் போகவேணும்."

மூடி

விலாங்குக்கு ஒரு விரல் இடைவெளி போதும். நழுவி வெளியே போய், எங்காவது அலமாரிக்கு அடியில் கருவாடாகக் கிடக்கும். அதனால் கண்ணாடி வெட்டுவித்து, நாலு மூலைக்கும் கிளிப் போட்டு, குழாய் போகும் ஓட்டைகளை வலையால் அடைத்து ஒரு மூடி செய்தேன். கொழும்பில் இப்படியொரு மூடி வேறெந்த வீட்டிலும் இல்லை என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். பார்க்க வந்த பெனடிக்ற் அண்ணன் கிளிப்புகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. ஆனா விலாங்கு போக நினைச்சா, மூடியைக் கேட்டுக்கிட்டா போகும்?"

ஆறு நாள்

அக்கா முழுச் சைவம். சேருக்காக மற்ற நாட்களில் பொறுத்துக்கொள்வார். வெள்ளிக்கிழமையில் மட்டும் மீனோ இறைச்சியோ, வீட்டுக்குள் எந்த மச்சமும் புழங்கக் கூடாது. விலாங்கின் இறால் துண்டுக்கும் அதே சட்டம். நான் சண்டை பிடித்தேன். தினமும் தீனி போடாவிட்டால் மெலிந்துவிடும், தொட்டியில் கூட இருக்கும் சிவப்புக் கோட்டு இறால்களைப் பிடித்துத் தின்றுவிடும் என்று பெரிய நிபுணர் போலக் கதைத்தேன்.

கந்தசஷ்டி வந்தது. ஆறு நாளும் தொட்டிக்கும் விரதம். ஏழாம் நாள் பயந்து பயந்து போனேன். விலாங்கு பளபளவென்று கல்லுக்குள்ளிருந்து தலையை நீட்டியது. இறால்களும் எண்ணிக்கை குறையாமல் இருந்தன. பிறகுதான் ஆற அமர இருந்து விலாங்கைப் பற்றிப் படித்தேன்: கிழமைக்கு இரண்டு மூன்று தரம் போதும், தினமும் கொடுப்பதுதான் கெடுதலாம். பிழையை ஒப்புக்கொள்ளப் போனபோது அக்கா சிரிக்கக்கூட இல்லை.

"அது பேசாமத்தான் இருந்தது பிள்ளை. பசி உமக்கும் இவருக்கும்தான்."

ஈரத் துவாய்

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஜிந்துப்பிட்டியில் ஒரு தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தேன். போன் அடித்தது. மனோ அக்கா. விலாங்கு குசினி நிலத்தில், அடுப்படியில் கிடக்கிறதாம், தூசியில் புரண்டு, வாய் மட்டும் அசைகிறதாம். சேர் கோயிலுக்குப் போய்விட்டார். நான் வெள்ளவத்தைக்குப் போய்ச் சேரும்வரை அது தாங்காது. என் மூடி தோற்றுவிட்டதே என்று வெட்கமாக இருந்தது. பிழைத்தாலும் இனி அந்த வீட்டில் அதற்கு இடமில்லை என்று துக்கமாகவும் இருந்தது.

"துவாயைத் தொட்டித் தண்ணியில நனைச்சு, பொத்தித் தூக்குங்கோ அக்கா" என்றேன். முழுகிவிட்டுப் பூசைக்கு நின்றவர் அவர். பிறந்ததிலிருந்து மீனைத் தொட்டறியாதவர். போனைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு தண்ணீரில் ஏதோ விழுந்த சத்தம்.

ஓட்டோவில் பறந்து போனேன். விலாங்கு தன் பொந்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. அக்கா இரண்டாம் தரம் முழுகி, தலையில் ஈரம் சொட்ட நின்றார். மூடி ஒரு பக்கம் கிடந்தது. நாலு கிளிப்பும் கழற்றப்பட்டிருந்தன, பக்கத்தில் பாதி இறால். அக்கா காலையில் முழுகப் போன நேரம் பார்த்து, கோயிலுக்குப் புறப்படுமுன் சேர் களவாகத் தீனி போட்டிருக்கிறார்; அவசரத்தில் மூட மறந்துவிட்டார். நெற்றி நிறையத் திருநீற்றோடு திரும்பி வந்தவர், மூடியைக் கண்டதும் மின்விசிறியைப் பார்க்கத் தொடங்கினார்.

என் மூடி தோற்கவில்லை. அந்த நேரத்தில் எனக்கு வந்த பெருமையை மறைத்துச் சொல்ல மாட்டேன். இருந்தாலும் வாக்கு வாக்குத்தானே. "அப்ப இதைப் பெனடிக்ற் அண்ணனிட்டத் திருப்பிக் குடுக்கட்டோ அக்கா?" என்று மெல்லக் கேட்டேன். அக்கா விலாங்கைப் பார்த்தார், பிறகு சேரைப் பார்த்தார்.

"அது ஏன் போகவேணும்? வெள்ளிக்கிழமையில மச்சம் புழங்கினது அது இல்லையே. ஆரும் போறதெண்டால், இவர்தான் போகவேணும்."

விலாங்கும் சேரும் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள், என் மூடியும் ஒரு கீறல் இல்லாமல் இருக்கிறது, அதைத் திறக்கிற மனிதருக்கு ஒரு மூடி செய்யத்தான் எனக்கு இன்னும் கைவரவில்லை.