சிவப்புத் துணி கட்டிய பதினான்கு செடிகள்

மியாரா நோபுகோவுக்கு வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்களை அவர்கள் உடைத்த பொருளை வைத்துத்தான் நினைவு. வங்கதேசத்துக்காரர் பம்பு வால்வு. கென்யாக்காரி இரண்டு மண்வெட்டிப் பிடி. லாவோஸ்காரர் ஒன்றையும் உடைக்கவில்லை, அதனால் அவர் முகமே மறந்துவிட்டது. ஜப்பானின் இஷிகாகித் தீவில் உள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் இருபத்தெட்டு வருடமாக வயல் வேலை பார்க்கிறாள். வளரும் நாடுகளிலிருந்து ஒரு வருட உதவித்தொகையில் அக்டோபரில் வருவார்கள், அடுத்த செப்டம்பரில் போய்விடுவார்கள். நாற்பத்தொரு பேருக்கு நாற்று விட்டு, நட்டு, களையெடுத்து, அறுத்துக் கொடுத்திருக்கிறாள். அவர்கள் எதைத் தேடி வந்தார்கள், அது கிடைத்ததா என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. யாரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை.

நாற்பத்திரண்டாவது ஆள் சியரா லியோனிலிருந்து வந்த பிரிமா காலோன். முப்பத்துநான்கு வயது, நெட்டை. வந்த முதல் வாரமே நோபுகோவை 'ஆன்ட்டி' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். அவன் ஊரில் தாய் வயதுப் பெண்ணைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் அடி விழுமாம். தீவில் திரும்பின பக்கமெல்லாம் பன்றி இறைச்சி, அவனுக்கு அது ஆகாது. ஒருநாள் நோபுகோவின் வீட்டு வேலியில் படர்ந்திருந்த சர்க்கரைவள்ளிக் கொடியைப் பார்த்துவிட்டு அவன் நின்ற நிலையைப் பார்க்க வேண்டுமே.

"ஆன்ட்டி, இந்த இலைய நீங்க சாப்பிடுவீங்களா?"

"சாப்பிடாம? வேலிக்கு அழகுக்கா வளர்க்குறோம்?"

அவன் ஊரில் தினமும் குழம்பு வைப்பது அந்த இலையில்தானாம். அன்றிலிருந்து வாரம் ஒரு கட்டு இலை அவனுக்குப் போயிற்று. நோபுகோவின் கணவர் சேய்கி கரும்பு விவசாயி, வாய் கொஞ்சம் நீளம். "ஆடு ஒண்ண தத்தெடுத்திருக்கேன்னு சொல்லவே இல்லையே" என்றார்.

பிப்ரவரியில் நானூறு செடி நட்டார்கள். ஆப்பிரிக்க நெல்லையும் ஆசிய நெல்லையும் கலந்து எடுத்த விதை. ஒவ்வொரு செடியும் தனிப்பிறவி, ஒன்று போல இன்னொன்று இல்லை. ஏப்ரலில் செடிகளுக்குள் கதிர் பொதி கட்டும் சமயத்தில் பிரிமா ஆய்வுக்கூடத்தில் இலைகளைச் சோதித்துப் பதினான்கு செடிகளைப் பொறுக்கினான். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், வயலாட்கள் போன பிறகு, அந்தப் பதினான்குக்கும் எண் எழுதிய சிவப்புத் துணியைக் கட்டினான். அவன் நாட்டு நிலையத்தில் சிவப்பு என்றால் பத்திரம், தொடாதே என்று அர்த்தம்.

இஷிகாகி நிலையத்தில் சிவப்பு என்றால் பிடுங்கு என்று அர்த்தம். வைத்துக்கொள்ள வேண்டியதற்கு வெள்ளை. இது எந்தச் சுவரிலும் எழுதி ஒட்டப்படவில்லை. எல்லாருக்கும் தெரிந்த சங்கதியை யார் எழுதி வைப்பார்கள்?

திங்கட்கிழமை ஏழு மணிக்கு நோபுகோ வயலுக்குப் போனாள். சிவப்பைப் பார்த்தாள். பரவாயில்லையே, கழிசல் செடிகளைத் தானே அடையாளம் போட்டு வைத்திருக்கிறானே என்று நினைத்தாள். அவன் வருவதற்குள் முடித்துக் கொடுத்துவிடுவோம் என்று இறங்கினாள். முதல் எட்டை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, வரப்பில் ஒழுங்காக அடுக்கினாள். வரப்புக்கு நடந்து நடந்து முட்டி வலித்தது. மீதி ஆறைப் பிடுங்கின இடத்திலேயே சேற்றில் மிதித்து அமுக்கிவிட்டாள்.

எட்டரைக்குப் பிரிமா சைக்கிளில் வந்தான். வரப்பில் கிடந்த எட்டையும் பார்த்தான். சைக்கிளைப் படுக்கப் போட்டுவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"என்ன பிரிமா-சான், உடம்பு சரியில்லையா?"

"ஆன்ட்டி, அதுக்காகத்தான் நான் இங்க வந்தேன்."

அவன் நிதானமாகச் சொன்னான். நெல் பூ பத்து மணி வாக்கில்தான் வாய் திறக்கும். அவன் ஊரில் அந்த நேரத்து வெயில் மகரந்தத்தைப் பொசுக்கிவிடும், கதிர் முழுக்கப் பதர். காலை எட்டு மணிக்குள் பூத்து மூடிக்கொள்கிற செடி ஒன்று கிடைத்தால் தப்பிக்கலாம். அந்தக் குணம் இருக்கலாம் என்று தோன்றியவை இந்தப் பதினான்கு மட்டுமே. வேறு விதை இல்லை. செப்டம்பருக்குப் பிறகு அவனுக்கு விசாவும் இல்லை.

நோபுகோ இருபத்தெட்டு வருடத்தில் ஒரு நாற்றைக்கூட வீணாக்காதவள் என்று பேர் வாங்கினவள். அவமானத்தில் காது எரிந்தது. பிறகு சேற்றில் இறங்கி, மிதித்த ஆறையும் கையால் தோண்டி எடுக்க ஆரம்பித்தாள்.

"உக்காந்துக்கிட்டு என்ன பண்ற? எழுந்திரு. வாளி கொண்டா, கத்தரி கொண்டா. துணியக் கழட்டாத, எண் மாறிடும்."

'சான்' போடும் மரியாதைப் பேச்சு அந்த இடத்தோடு போயிற்று, பிறகு திரும்பி வரவே இல்லை.

பதினான்கின் தாளையும் ஒரு சாண் விட்டு வெட்டினார்கள். சேறு நிரப்பிய வாளியில் நட்டு, வலைக்கொட்டகை நிழலில் வைத்தார்கள். வேர் உயிரோடு இருந்தால் அடியிலிருந்து புதுத் தூர் வெடிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். வெடிக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது என்பதும் தெரியும்.

அன்று மதியமே பிரிமாவின் மேற்பார்வையாளர் குவாபாராவிடம் மன்னிப்புக் கடிதத்தோடு போனாள். நிலையத்தில் எல்லாருக்கும் அவர் 'சென்செ', அதாவது வாத்தியார். டோக்கியோப் பக்கத்துக்காரர், சிரிப்பதற்கும் படிவம் கேட்கிற மனிதர். அவர் மேஜைமேல் ஏற்கெனவே ஒரு கடிதம் இருந்தது. பிரிமா எழுதினது.

"அவரு நிறத்தக் கேக்காமக் கட்டுனது தன் தப்புங்குறாரு. நீங்க கேக்காமப் பிடுங்குனது உங்க தப்புங்குறீங்க. ஒரு தப்புக்கு ரெண்டு கடிதத்த நான் எந்த ஃபைல்ல போடுறது, மியாரா-சான்?"

"பெரிய தப்பு என்னுது, சென்செ."

"செடி பிழைக்குதான்னு பாருங்க. கடிதம் எங்கயும் ஓடிப்போகாது."

வரப்பில் அழகாக அடுக்கின எட்டும், வெயிலில் வேர் காய்ந்திருந்ததால், வாளியிலும் பிழைக்கவில்லை. சோம்பல்பட்டுச் சேற்றில் மிதித்த ஆறில் ஐந்து பத்தாம் நாள் தூர் விட்டன. இதைக் கேட்ட சேய்கி, "இனிமே எல்லா வேலையும் அரைகுறையாப் பண்ணு" என்றார். நோபுகோ அன்று அவரோடு பேசவில்லை.

ஜூன் பாதியில் ஐந்தும் ஒவ்வொன்றாகக் கதிர் தள்ளின. காலை ஐந்தரைக்கு இரண்டு பேரும் கொட்டகையில் ஆளுக்கொரு முக்காலி போட்டு உட்காருவார்கள். பார்ப்பது அவள் வேலையில்லை என்று பிரிமா சொல்லிப் பார்த்தான். "உன் கண்ணு ரெண்டு, செடி அஞ்சு" என்றாள். முதல் செடி பத்தே காலுக்குப் பூத்தது. இரண்டாவது பத்து மணிக்கு. மூன்றாவதும் நான்காவதும் ஒன்பதரை. பிரிமா நேரத்தைக் குறித்துக்கொள்வான். செத்த எட்டில் எதுவோ ஒன்று ஏழு மணிக்குப் பூத்திருக்கும் என்று நோபுகோவின் மனம் அரித்துக்கொண்டே இருந்தது. அதை அவனிடமே சொன்னாள்.

"இருக்கலாம் ஆன்ட்டி" என்றான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

ஐந்தாவது செடி முந்நூற்றுப் பன்னிரண்டு. கதிர் தள்ளிய நாளிலிருந்து மூன்று நாள் அடைமழை. நான்காம் நாள் வானம் வெளுத்தது. ஆறே முக்கால் தாண்டி நோபுகோ கதிர் நுனியில் ஒரு உமி விரிவதைப் பார்த்தாள். தன் கண்மேலேயே அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. மூக்கு படும் அளவுக்குக் குனிந்தாள். உள்ளிருந்து வெளிர்மஞ்சள் மகரந்தப்பைகள் எட்டிப் பார்த்துத் தொங்கின. பக்கத்தில் இன்னொன்று விரிந்தது.

"பிரிமா, மணி என்ன?"

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான், செடியைப் பார்த்தான், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தான். "ஆறு அம்பது" என்றான். பிறகு முக்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து அழுதான். நோபுகோ அவன் முதுகில் கை வைத்தாள், அவள் கண்ணும் நிறைந்துவிட்டது. சேற்றுக் கை, அவன் சட்டை முழுக்க அப்பிக்கொண்டது.

நெல் கதிர் ஐந்தாறு நாள் தொடர்ந்து பூக்கும். மறுநாள் காலை குவாபாராவும் மடக்கு நாற்காலியோடு வந்தார். ஆறு ஐம்பத்தைந்துக்குப் பூத்ததைக் கண்ணால் பார்த்தார்.

"ஒரு செடி முடிவு ஆகாது" என்றார். "விதைச்சு, அதோட பிள்ளைங்களும் அப்படிப் பூக்குதான்னு பாக்கணும். பூக்க அக்டோபர் ஆயிடும். இவரு அப்ப இருக்கமாட்டாரு."

"நான் பாக்குறேன் சென்செ."

"பதிவேட்டுல பாத்தவர் பேரு எழுதணும். இதுவரைக்கும் ஆராய்ச்சியாளருங்க பேருதான் எழுதியிருக்கோம்."

"அப்படின்னு விதி இருக்கா சென்செ?" என்று பிரிமா கேட்டான்.

குவாபாரா யோசித்தார். "எழுதி வெச்ச விதி ஒண்ணும் இல்ல" என்றார்.

முந்நூற்றுப் பன்னிரண்டு மொத்தம் முப்பத்தேழு மணி கொடுத்தது. பதினெட்டு, நோய் இல்லை என்ற தாவரச் சான்றிதழோடு செப்டம்பரில் பிரிமாவுடன் விமானம் ஏறின. பத்தொன்பதை நோபுகோ ஜூலைக் கடைசியில் விதைத்தாள், பத்தொன்பதும் முளைத்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் கொட்டை எழுத்தில் 'தொடாதே' என்று பலகை நட்டாள். மற்ற ஆட்கள் கேலி செய்தார்கள், செய்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அக்டோபர் மூன்றாம் வாரம் கதிர்கள் வெளியே வந்தன. அந்த மாதத்தில் இங்கே சூரியனே ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால்தான் தலை காட்டும். நோபுகோ தனியாக முக்காலியில் இருந்தாள். ஏழு நாற்பதுக்கு முதல் செடி. ஏழு நாற்பத்திரண்டுக்கு இரண்டு. எட்டு அடித்தபோது எண்ணி, பதிவேட்டில் செடி எண்களை எழுதினாள், பார்த்தவர் என்ற இடத்தில் மியாரா நோபுகோ என்று எழுதினாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கைபேசியில் பிரிமாவுக்குச் செய்தி அனுப்பினாள்.

"பதினொண்ணு."

அங்கே இன்னும் நேற்றைய ராத்திரி. பதில் உடனே வந்தது.

"ஆன்ட்டி, இன்னொரு தடவ எண்ணுங்க."

எண்ணினாள். "பதினொண்ணுதான். எனக்கு இன்னும் கண்ணு தெரியுது."

தூங்கிப்போயிருப்பான் என்று கைபேசியைப் பைக்குள் போடப்போனபோது அடுத்த செய்தி வந்தது.

"எங்கம்மா வயல்ல இந்தத் தடவ பாதிக்கு மேல பதர். விதை பெருக இன்னும் நாலு போகம் ஆகும். அவங்ககிட்ட இப்பவே சொல்லிடவா?"

நோபுகோ எழுந்து போய், மீதி எட்டில் ஒன்றாவது திறந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள்.